ஒரு பெயர், நான்கு எழுத்துக்கூட்டல்

நேயர்களுக்கு வணக்கம். ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் கையைத் தூக்கினால் நான் நிறுத்த வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

வேலை என்று நம்பி வெளிநாடு போனவர். போனவரிடமிருந்து தகவல் இல்லை. அப்படித் தேடுகிற குடும்பங்களோடு பல வருடமாகப் பழகி வருகிறேன். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆபீசுக்குப் போகணும்?" நான் பதில் சொல்வதில்லை. ஒரு தாளை நீட்டி, "அவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள்" என்பேன். சிலருக்குக் கோபம் வரும். பிள்ளையைக் காணோம் என்று வந்தால் இவர் பள்ளிக்கூடம் நடத்துகிறாரே என்று.

காரணம் இருக்கிறது. ஒரு அம்மா வந்தார். மகன் ஓட்டல் வேலை என்று போனவர். நான்கு மாதம் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இரண்டு வருடம் அந்த அம்மா ஏறாத படியில்லை. எல்லா மனுவுக்கும் ஒரே பதில்: 'இந்தப் பெயரில் எவரும் எங்கள் பதிவில் இல்லை.' பொய் சொல்லிவிட்டார்கள் என்று அந்த அம்மா நினைத்தார். பொய்யில்லை. அந்தப் பெயரில் உண்மையிலேயே யாரும் இல்லை! மனுவில் இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். பாஸ்போர்ட்டில் வேறு. விசா படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று ஏஜென்ட் அப்பா பெயரை முன்னால் தூக்கிப் போட்டிருந்தார். அந்த நாட்டு எழுத்துக்கு மாறியபோது ஓர் உயிரெழுத்தும் காணாமல் போயிருந்தது. வயதிலும் இரண்டு வருடம் கூட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்து. மகன் முதல் மாதம் பணம் அனுப்பிய ரசீதை, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த அம்மா போட்டு வைத்திருந்தார். அதில் அனுப்பியவர் பெயர், அந்த நாட்டு எழுத்துக்கூட்டலில். பாஸ்போர்ட் எண்ணின் கடைசி இலக்கங்கள். ஊர்ப் பெயர். அது ஏஜென்ட் சொன்ன ஊரே இல்லை. புதிதாக மனு எழுதினோம், நான்கு எழுத்துக்கூட்டலையும் வரிசையாகப் போட்டு. ஆறே வாரம். தடுப்புக் காவலில் இருந்தார். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டு அடைத்துப்போட்டு வேலை வாங்கியிருக்கிறார். தப்பி ஓடிய பையன் கையில் காகிதம் இல்லை, பிடித்துவிட்டார்கள். அப்படிப் பிடிபட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும் என்பது 1963-ஆம் வருட வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது விதி. கேட்கலாம் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை.

பெயர் விஷயம் என் பைத்தியம், தெரியும். ஆனால் எனக்கு முன்பே அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உண்டு. ஜெர்மனியில் பாட் ஆரோல்சன் என்ற சிறு ஊரில், நாஜிக் கொடுமையில் சிக்கியவர்களைத் தேட ஓர் ஆவணக் காப்பகம். சுமார் 5 கோடி அட்டைகள், 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றி. அட்டைகளை வெறும் அகர வரிசையில் வைத்தால் ஒரே ஆள் பத்து இடத்தில் சிதறிப்போவார் என்று புரிந்துகொண்டு, ஒலிப்பை வைத்து அடுக்கினார்கள். எப்படி எழுதினாலும் காதுக்கு ஒரே மாதிரி விழும் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில். கணினி வராத காலத்தில்!

சரி, டப்பாவுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் யாராவது கிளம்புகிறார்களா? பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். காணாமல் போனபின் என்றால், அவர் அனுப்பிய குரல் பதிவு, அழைப்பு வந்த எண், ஏஜென்ட்டோடு நடந்த உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அழித்துவிடுகிறார்கள், அப்புறம் வந்து அழுகிறார்கள்.

போலீஸில் புகார் கொடுங்கள். பல நாட்டுப் போலீஸை இணைக்கும் அமைப்பான இன்டர்போல் காணாமல் போனவர்களுக்காக மஞ்சள் அறிவிப்பு வெளியிடும். குடும்பம் நேராகக் கேட்க முடியாது, அந்தந்த நாட்டுப் போலீஸ் வழியாகத்தான் போகும். அங்கே ஒருவர், "அவரே கையெழுத்துப் போட்டு விரும்பித்தானே போனார்?" என்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும் கேள்வி இது. ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டலுக்காகக் கொண்டு போயிருந்தால், அவர் சம்மதம் கணக்கில் வராது. மனிதக் கடத்தலைத் தடுக்க ஐ.நா. கொண்டுவந்த 2000-ஆம் வருட பலெர்மோ நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. திரும்பச் சொல்கிறேன், சம்மதம் கணக்கில் வராது.

இன்னொரு வாசல் செஞ்சிலுவைச் சங்கம். உங்கள் நாட்டுச் சங்கத்திலேயே தேடல் மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்று: ஆளைக் கண்டுபிடித்தாலும், அவர் சம்மதித்தால்தான் முகவரி சொல்வார்கள். சில பேர் வேண்டாம் என்பதுண்டு. வாங்கிய கடனை அடைக்காமல் எந்த முகத்தோடு பேசுவது என்ற வெட்கம். அப்பாக்களுக்கு இதைச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

ஆட்களை அடைத்துவைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யவைக்கிற மோசடிக் கூடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. அங்கிருந்து ஒரு செய்தி வந்தால், "போலீஸில் சொல்லிவிட்டோம்" என்று பதில் எழுதிவிடாதீர்கள். அந்தப் போன் காவல்காரன் கையில் இருக்கலாம். பாஸ்போர்ட் படத்தை ஊரெல்லாம் பரப்பவும் வேண்டாம், அதைப் பார்த்துவிட்டு "பையன் என்னிடம் இருக்கிறான், பணம் அனுப்பு" என்று போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைதானா என்று பார்க்க, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

கை தூக்கிவிட்டார். திரும்பி வந்தவர்களைப் பற்றிப் பேசத்தான் நான்கு பக்கம் எழுதி வந்தேன். ஒரே ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: வந்த அன்றைக்கே "எவ்வளவு சம்பாதித்தாய்" என்று கேட்காதீர்கள். அந்த அம்மா கேட்கவில்லை. டப்பாவை எடுத்து மகன் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். வணக்கம்.