கல்லுமக்காயில் கடல் நச்சு: ஏறுவதும் இறங்குவதும்

[காட்சி: நாடுகாணி மலைப்பாதையில் ஐஸ் பெட்டிகளோடு ஏறும் மீன் வண்டி]

குரல்: கூடலூர், பந்தலூர் பக்கம் கல்லுமக்காய் என்ற கடற்சிப்பி வாங்குபவர்கள், நன்றாக வேகவைத்தால் பயமில்லை என்று நம்புகிறார்கள். கிருமிகளுக்கு அது சரி. கடலிலேயே உண்டாகும் நச்சுக்கு அது போதாது.

[வரைபடம்: செவுள் வழியே ஓடும் நீர்]

கல்லுமக்காயும் மட்டியும் கடல்நீரைச் செவுளில் வடிகட்டி நுண்பாசிகளைத் தின்பவை. ஒரு கல்லுமக்காய் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்கூட வடிக்கும். அலெக்ஸாண்ட்ரியம் போன்ற சில நுண்பாசிகள் சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு நச்சை உண்டாக்குகின்றன. அவை பெருகினால் நச்சு முதலில் சிப்பியின் சீரணச் சுரப்பியில் சேரும். நிறமோ வாடையோ மாறாது. கடல் சிவந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. பல நாடுகளில் இதுதான் இந்த நச்சுக்கு உச்ச வரம்பு. 1981-ல் தமிழ்நாட்டு வாயலூரில் மட்டி தின்று 3 பேர் இறந்தார்கள். 1997-ல் கேரளத்து விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் தின்று 7 பேர்.

[காட்சி: கடலில் தொங்கும் வளர்ப்புக் கயிறுகள்]

நச்சு இறங்குவதும் கடலில்தான். நச்சுப்பாசி நீங்கிய நீரில் சிப்பி தொடர்ந்து நல்ல பாசியைத் தின்று கழிக்க வேண்டும். கல்லுமக்காய் வகைகளுக்குச் சில நாள் முதல் சில வாரம் ஆகும். வட அமெரிக்கப் பசிபிக் கரையின் பட்டர் கிளாம் மட்டியோ, நீர் இழுக்கும் குழாயில் இரண்டு ஆண்டு வரைகூட நச்சை வைத்திருக்கும். அதனால் ஒரு வகையைச் சோதித்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்து விற்பது ஆபத்து. புற ஊதா ஒளித் தொட்டியில் ஓரிரு நாள் வைப்பது பாக்டீரியாவைக் குறைக்கத்தான். இந்த நச்சுக்கு அதை நம்பக் கூடாது.

ஐஸில் ஏறியதும், சிப்பி தின்று கழிக்கும் இந்தச் சுத்திகரிப்பு நின்றுவிடும்.

[காட்சி: ஊட்டி வீட்டுச் சமையலறை, கொதிக்கும் சட்டி]

ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் கடற்கரையில் 100 டிகிரியில் வைத்தாலும் சாக்ஸிடாக்ஸின் தாங்கும். குக்கரையும் ஃப்ரீசரையும் நம்பாதீர்கள். அது நீரில் கரையும். குழம்பு வைத்தால் கரைந்ததையும் சேர்த்தே சாப்பிடுகிறோம். வாங்கும்போது எந்தக் கரை, எந்த நாள் எடுத்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போனால் 108-ஐ அழையுங்கள். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழந்தால் வென்டிலேட்டர்தான் காப்பாற்றும். அதனால் மலைப்பாதையில் ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மிச்சக் குழம்பைக் கொட்டாமல் மூடி, மருத்துவரிடம் கொடுங்கள்.