கூலிக்கு ஏர் ஓட்டிய புனிதர்

நேயர்களுக்கு வணக்கம்.

1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி, ரோம் நகரில் ஒரே நாளில் ஐந்து பேருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், நம் தமிழ்க் கடற்கரையெல்லாம் நடந்த சவேரியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி. இந்த நால்வரின் பெயரும் அன்றைக்கே ஊரறிந்த பெயர். ஐந்தாவது ஆள் ஒரு பண்ணையாள், பெயர் இசிதோர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. எழுதி வைத்தது ஒரு வரி கிடையாது.

இங்கே முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், ஸ்பெயின் நாட்டு மாட்ரிட்டில் வர்காஸ் என்பவரின் பண்ணையில் ஏர் ஓட்டியவர் அவர். விடிந்ததும் பூசைக்குப் போய்விட்டுத்தான் கொல்லைக்கு வருவார். கூட வேலை செய்தவர்களுக்குப் பொறுக்குமா? முதலாளியிடம் கோள் போனது. அவரும் ஒரு நாள் மறைந்து நின்று பார்த்தாராம். இசிதோரின் ஏருக்கு இருபுறமும் வெள்ளை மாடு பூட்டிய ஏர்கள் சேர்ந்து உழுதுகொண்டிருந்தன. சம்மனசுகள், அதாவது வானதூதர்கள், உழுததாகச் சொல்வார்கள். படங்களிலும் சுரூபங்களிலும் அதிகம் காட்டுவது இந்தக் கதையைத்தான்.

எனக்குப் பிடித்தது வேறு கதை. பனிக்காலத்தில் ஒரு நாள் கோதுமை மூட்டையோடு மாவு அரைக்கப் போகிறார். வழியில், இரை கிடைக்காமல் ஒடுங்கிக் கிடக்கிற புறாக்கள். தரை முழுக்கப் பனி. அப்படியே தானியத்தைக் கொட்டினால் பனியில் புதைந்து போகும் இல்லையா? முதலில் கையாலும் காலாலும் பனியை விலக்கி இடம் செய்கிறார். அப்புறம்தான் மூட்டையை அவிழ்க்கிறார். கூட வந்தவன் ஏளனம் செய்கிறான். மில்லில் போய்ப் பார்த்தால் மூட்டை குறையவே இல்லை என்று கதை முடிகிறது. மூட்டை நிறைந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அந்தப் பனியை விலக்கிய கை போதும். தானம் செய்கிறவர்கள் பலர் உண்டு. வாங்குகிற வாய்க்கு அது எட்டுமா என்று யோசிப்பவர்கள் குறைவு.

எங்கள் பாட்டி ராகிக் களத்தைக் கூட்டும்போது ஓர் ஓரத்தை மட்டும் விட்டுவிடுவார். கேட்டால், "குருவி எங்கே போகும்?" என்பார். அவரும் கூலிக்குப் போனவர்தான்.

இசிதோர் வீட்டிலும் இதே கதைதான். இருந்த சாப்பாட்டை ஏழைகளுக்குப் போட்டு முடித்த பிறகு இன்னொருவர் வந்து நிற்கிறார். "பானையை இன்னொரு தரம் பாரேன்" என்கிறார் இசிதோர். காலிப் பானை என்று தெரிந்தும் எழுந்துபோய்ப் பார்த்த மனைவி மரியாவை நான் இன்னும் கொஞ்சம் மெச்சுவேன். பானையில் சோறு இருந்ததாம், அதாவது அவர்கள் ஊர்க் குழம்பு. திருச்சபை மரியாவையும் விட்டுவிடவில்லை. 1697இல் அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி அது. கணவனும் மனைவியுமாக இப்படிப் போற்றப்படுகிறவர்கள் வெகு சிலரே.

இசிதோருக்குத் திருநாள் மே 15. நமக்கு அது வைகாசி பிறக்கிற சமயம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்ப் பக்கம் மாங்காய் லாரி ஏறும், மானாவாரிக்காரர்கள் கோடை உழவுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு மாட்ரிட் மக்கள் அவருடைய சிற்றாலயத்துக்குப் போய் அங்குள்ள ஊற்றுத் தண்ணீரைக் குடிப்பார்கள். தாகத்தோடு வந்த முதலாளிக்காக இசிதோர் தரையைத் தட்டியபோது வந்த ஊற்று என்பது அவர்கள் நம்பிக்கை.

போர்வெல் போட்டுப் போட்டு அலுத்தவர்கள் நாம். தண்ணீர் கிடைத்தாலும் ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கிய ஊர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது அதற்காகத்தான். அந்த ஊற்றுக் கதையை எங்கள் தெருத் திண்ணையில் ஒரு முறை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்:

"எத்தனை அடியில தண்ணி வந்துச்சாம்?"

வணக்கம்.