பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை

நேயர்களுக்கு வணக்கம். நான் தாய்ப்பால் ஆலோசகர். இதைச் சொன்னதும், "பால் கொடுப்பதற்குக்கூட ஆலோசகரா? காலங்காலமாக எல்லோரும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். பால் சுரப்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும். அதைக் குழந்தைக்குக் கொடுப்பது தாயும் பிள்ளையும் சேர்ந்து பழக வேண்டிய ஒன்று. அக்காவும் சித்தியும் பால் கொடுப்பதைப் பார்த்தே ஒரு பெண் வளர்ந்த காலம் உண்டு. இன்று பலருக்குக் கையில் எடுக்கிற முதல் பச்சிளங்குழந்தையே தான் பெற்ற பிள்ளைதான். பார்த்துப் பழகாததை ஒருவர் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டியிருக்கிறது.

எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: "மேடம், எனக்குப் பாலே இல்லை." சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு பெண் கூப்பிட்டார். தலைப்பிள்ளை, பிறந்து ஐந்தாம் நாள். நான் போனபோது பையன் அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் அவர் அம்மா புட்டிப்பாலைக் கலக்கித் தயாராக வைத்திருந்தார். "நீங்கள் எப்போதும் போலக் கொடுங்கள்மா, நான் சும்மா பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அப்படி உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது தாயின் கால்விரல்களை. குழந்தை வாய் வைத்த நொடியில் அந்தப் பெண்ணின் விரல்கள் பத்தும் உள்ளே மடங்கின. தோள் இரண்டும் காது வரை ஏறின. மூச்சை அடக்கிக்கொண்டார். "வலிக்கிறதா?" என்றேன். "முதலில் வலிக்கத்தானே செய்யும், பொறுத்துக்கொள் என்றார்கள்" என்றார். ஆரம்ப நாட்களில் வாய் வைத்ததும் சில நொடி சுருக்கென்று இருப்பது உண்டு. பால் குடித்து முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய வலி இயல்பானது இல்லை. இதை இன்னொரு தடவையும் சொல்வேன், ஏனென்றால் பொறுத்துக்கொள் என்ற ஒரு சொல்லாலேயே எத்தனையோ பேர் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

பையன் வாயை எடுத்ததும் பார்த்தேன். மார்புக்காம்பு ஒரு பக்கமாக நசுங்கி, புது லிப்ஸ்டிக்கின் முனை மாதிரி சரிந்திருந்தது. அவன் காம்பை மட்டும் கவ்வியிருக்கிறான், சுற்றியுள்ள கருவட்டம் வாய்க்குள் போகவில்லை. அப்படிக் கவ்வினால் அவளுக்குப் புண், அவனுக்குப் பசி. கன்னம் குழிய குழியச் சப்பினான், நாக்குச் சொடுக்குவது போல டக் டக்கென்று சத்தம் கேட்டது. விழுங்குகிற சத்தம் மட்டும் இல்லை.

சரி, என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றுமில்லை. அவரைச் சற்றுப் பின்னால் சாய்ந்து உட்கார வைத்தேன். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினோம். அவன் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும், அவசரப்படாமல் காத்திருங்கள் என்றேன். கொட்டாவி விடுவது போல வாயைப் பெரிதாகத் திறந்தான். "இப்போது" என்றேன். முதலில் தாடை மார்பில் பதிந்தது, அப்புறம் மேல் உதடு. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. தொண்டையில் மெல்லிய 'க்', ஒரு சின்ன மூச்சு, மறுபடி 'க்'. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "வலிக்கவில்லையே" என்றார். கால்விரல்கள் விரிந்திருந்தன. பாட்டி புட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

பால் இருந்தது. போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கிணறு இறைக்க இறைக்கத்தான் ஊறும் என்பது மார்புக்கும் பொருந்தும். குழந்தை எடுத்தால்தான் அடுத்த வேளைக்கு உடம்பு சுரக்கும். வலிக்குப் பயந்து புட்டிக்கு மாறி, பாலைப் பீச்சியும் எடுக்காமல் விட்டால், தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். இல்லை என்று பயந்தது சில நாளில் உண்மையிலேயே இல்லாமல் போகும்.

முதல் இரண்டு மூன்று நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, ஸ்பூன் கணக்கில்தான் வரும். அந்த வயிற்றுக்கு அவ்வளவுதான் வேண்டும். பால் நிறைய இறங்குவது அதற்கப்புறம்தான். ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு. பிறந்த எடையில் கொஞ்சம் குறைவதும் இயல்பு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். போதுமா என்று சந்தேகம் வந்தால் ஈரத் துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் உள்ளே பால் போகிறது.

எல்லாமே உட்காரும் முறையால் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தைராய்டு கோளாறு, முன்பு செய்த மார்பு அறுவை சிகிச்சை என்று உண்மையிலேயே பால் குறைகிற காரணங்கள் உண்டு. குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கலாம். அதைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்புவதும், கூடுதல் பால் தேவை என்றால் தயங்காமல் சொல்வதும் எங்கள் வேலைதான். புட்டிப்பால் கொடுத்த எந்தத் தாயும் குற்றம் செய்தவள் இல்லை.

இதற்கு முறையான படிப்பும் தேர்வும் உண்டு. 1956இல் அமெரிக்காவில் ஏழு தாய்மார்கள் சேர்ந்து லா லேச்சே லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தாய்க்குத் தாய் உதவுவதுதான் நோக்கம். அந்த வழியில் வந்தவர்களின் முயற்சியில் ஆலோசகர்களுக்கான சர்வதேசத் தேர்வு 1985இல் ஆரம்பித்தது. தேறியவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஒருவரைக் கூப்பிடும்போது என்ன பயிற்சி பெற்றவர் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: வந்தவர் ஒரு வேளைப் பாலை முதலிலிருந்து கடைசி வரை இருந்து பார்க்கிறாரா? பார்க்காமல் சொல்கிற யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுபடியும் சொல்கிறேன், வலி நீடித்தால் ஒரு வாரம் பொறுக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள். மார்பு சிவந்து, காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

நேரம் முடியப்போகிறது. குறைமாதக் குழந்தைகள், வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் என்று இரண்டு விஷயம் வைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. குறைமாதக் குழந்தையை மருத்துவமனையின் தனிப் பிரிவில் வைத்திருப்பதால் அது சப்ப முடியாவிட்டால், பிரசவமான சில மணி நேரத்திலேயே கையால் பீச்சி எடுக்க ஆரம்பியுங்கள், நாளைக்கு எட்டுத் தடவையாவது, இரவிலும் விடாமல். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே எடுத்துப் பழகுங்கள். எடுத்த பால் அறைச் சூட்டில் நான்கு மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். பாத்திரத்தின் மேல் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். வணக்கம்.