கதவு திறக்கும் முன்பே தொடங்கிய வரிசை

நேயர்களுக்கு வணக்கம்.

வரிசையில் கால்கடுக்க நின்ற அனுபவம் எல்லோருக்கும் உண்டு. முன்னால் இருபது பேர், ஒரே கவுண்டர். இன்னொன்றைத் திறந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? திறந்தே பார்க்கலாம். அதற்குச் செலவாகும் என்றால், அந்த வரிசையைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கலாம். இதைத்தான் சிமுலேஷன் என்கிறோம். பல ஆண்டுகளாக இதுதான் என் வேலை. இந்தத் திட்டங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நிரல் எழுதும்போது விழுவது குறைவு. அதற்கு வெகு முன்பே விழுந்துவிடுகின்றன. "எங்கள் மருத்துவமனையை அப்படியே கணினியில் காட்டுங்கள்" என்பார்கள். அப்படியே காட்டப் புகுந்தால் வேலைக்கு முடிவே கிடையாது. லிஃப்டைச் சேர்ப்பதா, மருந்தகத்தைச் சேர்ப்பதா என்று மாதங்கள் ஓடிவிடும். "காலையில் இன்னொரு மருத்துவரை அமர்த்துவதா, வேண்டாமா?" என்பது கேள்வி. முடிவெடுக்கப் போகிறவரிடமிருந்தே அதை ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். லிஃப்ட் வேண்டுமா என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

அடுத்தது தரவு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு. ஆறு மாதப் பதிவுகளைத் தந்தார்கள். எட்டு மணிக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் நோயாளிகள் திமுதிமுவென்று வந்திருந்தார்கள். அதை அப்படியே, கணினிக்குள் நாங்கள் அமைத்த மாதிரிக்குள் ஏற்றினோம். சராசரிக் காத்திருப்பு நாற்பது நிமிடம் என்று விடை வந்தது. அங்கிருந்த மூத்த செவிலியரிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள், சார்" என்றார்.

போனேன். கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டு முழுக்க ஆட்கள். சுவரோரமாகப் பைகள் வரிசையாக இருந்தன. நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்துகொள்ள, அவர்களுக்காகப் பைகள் வரிசையில் நின்றன. எட்டு மணிக்கு எழுத்தர் வந்து கணினியைத் திறந்தார். அதுவரை காத்திருந்த அத்தனை பேரும் அப்போதுதான் "வந்தார்கள்". பதிவில் இருந்தது பெயர் பதிந்த நேரம். வந்த நேரம் எங்குமே இல்லை. இரண்டு மணி நேரக் காத்திருப்பு எங்கள் கணக்குக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. அதுவரை செய்த ஆறு வார வேலையைத் திரும்பச் செய்தோம். மருத்துவரைக் கூட்டுவதற்கு முன், பதிவை ஆறரைக்குத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. ஆகவே, தரவை வாங்கிய கையோடு அது பிறக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, சராசரி. ஒரு மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சராசரி 5 நிமிடம். ஐந்தரை நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். காகிதத்தில் பார்த்தால் வரிசையே இருக்கக் கூடாது. ஆனால் ஆட்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. சிலருக்கு 2 நிமிடம், சிலருக்கு 15 நிமிடம் ஆகும். டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1909-இல் தொலைபேசி அழைப்புகளை வைத்துத் தொடங்கிவைத்த கணக்கு முறை இருக்கிறது. வருகையும் பார்க்கும் நேரமும் தற்செயலாக மாறும் எளிய நிலைக்கு அது தரும் விடை: நாளடைவில் சராசரிக் காத்திருப்பு 50 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்தால் அதே மருத்துவரிடம் வெறும் 5 நிமிடம்தான். சராசரியை மட்டும் மாதிரிக்குள் போட்டால் இந்த ஐம்பது நிமிடம் கண்ணில் படவே படாது.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாதிரியை ஒரே முறை ஓட்டிக் கிடைத்த விடையை நம்பாதீர்கள். வருகையையும் பார்க்கும் நேரத்தையும் முடிவுசெய்யும் தற்செயல் எண்களை மாற்றிப் பல முறை ஓட்டி, விடையை இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று சொல்லுங்கள். இரவுபகலாக இயங்கும் இடமென்றால், மாதிரி காலியாகத் தொடங்கும் முதல் சில மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரைகுறை மாதிரியாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே அந்தச் செவிலியர் போன்றவரிடம் காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.