குடியரசுத் தலைவரின் கையெழுத்து

வணக்கம். இந்தியக் குடியரசுத் தலைவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால், "அட, ரப்பர் ஸ்டாம்ப்தானே!" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

(திரையில்: ராஷ்டிரபதி பவன், 1975 ஜூன் 25, இரவு)

பிரதமர் இந்திரா காந்தி அனுப்பிய நெருக்கடி நிலை அறிவிப்பில் அன்றைய குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது அன்றிரவே கையெழுத்துப் போட்டார். அமைச்சரவை கூடி அதற்கு ஒப்புதல் தந்ததே மறுநாள் காலையில்தான். ஒரு தாள், ஒரு கையெழுத்து. 21 மாதங்கள் நாடு வாய் திறக்க முடியாமல் கிடந்தது. அன்றிரவு அவர் "அமைச்சரவை முடிவு எங்கே?" என்று மட்டும் கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வியைத்தான் 1978-இல் அரசியலமைப்பின் 44-வது திருத்தம் சட்டமாக்கியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது. அமைச்சரவை சொல்லும் ஆலோசனையைக் குடியரசுத் தலைவர் ஒரு முறை திருப்பி அனுப்பி, மறுபடி யோசிக்கச் சொல்லலாம். அதே ஆலோசனை திரும்ப வந்தால் ஏற்றே ஆக வேண்டும்.

ஒரு முறைதானே என்று நினைக்காதீர்கள். 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதோடு விட்டுவிட்டது, ஆட்சி தப்பியது.

சரி, மசோதாவுக்கு வருவோம். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதா, அரசியலமைப்புத் திருத்த மசோதா இரண்டையும் தவிர மற்றவற்றை ஒரு முறை திருப்பலாம். 2006-இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவை, அதாவது சில அரசுப் பதவிகளை வகித்தாலும் எம்.பி. பதவி பறிபோகாமல் காக்கும் மசோதாவை, அப்துல் கலாம் திருப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியதும் கையெழுத்திட்டார். ஆனால் எத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று அரசியலமைப்பின் 111-வது பிரிவு சொல்லவில்லை. 1986-இல் நம் கடிதங்களை அரசு பிரித்துப் பார்க்க வழிசெய்யும் அஞ்சல் மசோதா மேசைக்கு வந்தபோது, ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 1987-இல் அவர் ஓய்வுபெறும் வரை மசோதா அப்படியே கிடந்தது. கடைசிவரை அது சட்டமாகவே இல்லை.

இதே தாமதம் 72-வது பிரிவின் கருணை மனுவில் வந்தால் மனிதரை வதைக்கும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் மனுவும் உள்துறை அமைச்சகத்திலும் ராஷ்டிரபதி பவனிலுமாக 11 ஆண்டுகள் காத்திருந்து, 2011-இல் நிராகரிக்கப்பட்டது. தூக்கு மரம் இன்றா நாளையா என்று தெரியாமல் கழிந்த 11 ஆண்டுகள். அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டித்தான் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

கருணை மனுவுக்குக் கட்டாயம் கெடு வேண்டும் என்பது என் கருத்து. 72-வது பிரிவில் இன்றுவரை அப்படி ஒரு வரி இல்லை.