டெஸ்ட் ஃபெயில் ஆனால் யாரைச் சந்தேகிப்பது?

(பெங்களூருவில் தமிழ் பேசும் மென்பொருள்காரர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பகலில் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் சம்பளத்துக்குக் கோடு எழுதிவிட்டு, இரவில் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்களுக்கு, அதாவது லினக்ஸ் விநியோகங்களுக்கு, மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைப் பேக்கேஜாகக் கட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் அரிச்சுவடியை விட்டுவிடுகிறேன். சோர்ஸ் ஒழுங்காகக் கம்பைல் ஆகிவிட்டது. அடுத்து, புரோகிராமோடு வரும் சோதனைத் தொகுப்பான டெஸ்ட் சூட் ஓடியதில் 412 தேறி, 3 விழுந்து, பில்ட் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பேசுவோம்.

அந்த நேரத்தில் கை தானாக எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். டெஸ்ட் எதையும் ஓட்டாதே என்று சொல்லும் ஆப்ஷனுக்கு: டெபியனிலும் ஆர்ச்சிலும் நோசெக், நிக்ஸில் டூசெக் ஃபால்ஸ். மூன்று டெஸ்டுக்காக 415-ஐயும் நிறுத்துவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அதைவிட மோசமானது, டெஸ்ட் கட்டளையின் வாலில், விழுந்தாலும் வெற்றி என்றே சொல்லவைக்கும் ‘ஆர் ட்ரூ’ (|| true) ஒட்டுவது. நோசெக் போட்டவர் டெஸ்ட் ஓடவில்லை என்றாவது ஒப்புக்கொள்கிறார். இதிலோ டெஸ்ட் ஓடும், விழும், பில்ட் பச்சையாகவே வரும். நாளைக்கு 300 விழுந்தாலும் அதே பச்சைதான்.

ஒரு டெஸ்டை வாயடைக்கும் முன் யார் மேல் தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். சந்தேகப் பட்டியலில் நான்கு பேர்: டெஸ்ட், அது ஓடிய சூழல், கீழே இருக்கும் லைப்ரரி, கடைசியாக அந்த புரோகிராமே. கடைசி ஆளை மறந்துவிடுவதுதான் நம் வழக்கம்.

லாக்கை அடியிலிருந்து படிக்காதீர்கள். கடைசியில் கிடப்பது பெரும்பாலும் முதல் தோல்வியின் எதிரொலி. ஆட்டோமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் பேக்கேஜில், டெஸ்டை ஓட்டும் மேக் செக் கட்டளை திரையில் சுருக்கம் மட்டும் காட்டும். விவரமெல்லாம் டெஸ்ட் சூட் லாக் என்ற தனிக் கோப்பில் இருக்கும். பில்ட் வேறெங்கோ ஒரு சர்வரில் நடந்தால் அந்தக் கோப்பு பில்ட் முடிந்ததும் அழிந்துபோய்விடும். வெர்போஸ் மாறியை 1 என்று வைத்தால் அது மெயின் லாக்கிலேயே வந்து விழும். டெஸ்ட் ஓட்டும் மற்றக் கருவிகளான சிடெஸ்டுக்கும் மீசானுக்கும் இதற்கென்று தனி ஆப்ஷன்கள் உண்டு. மீசானில் ஒரு டெஸ்டுக்கு இயல்பான கெடு 30 வினாடிதான். ரிஸ்க்-வி செயலி கொண்ட மெதுவான இயந்திரத்தில் டைம்அவுட் என்று வந்தால் அது நிஜத் தோல்வியாக இல்லாமல் இருக்கலாம். கெடுவைப் பல மடங்காக்கும் ஆப்ஷனை ஏற்றிப் பாருங்கள்.

அடுத்து சூழல். டிஸ்ட்ரோவின் பில்ட் சர்வர் உங்கள் லேப்டாப் மாதிரி இருக்காது. இன்டர்நெட் இல்லை, பயனரின் சொந்த டைரக்டரியைச் சொல்லும் ஹோம் மாறி இல்லாத ஒரு டைரக்டரியைக் காட்டும், மொழி-எழுத்து அமைப்பான லோகேல் பல இடங்களில் வெறும் சி, அதாவது ஆங்கில எழுத்து மட்டும். தமிழில் கோப்புப் பெயர் வைத்துச் சோதிக்கும் டெஸ்ட் இங்கே தடுக்கி விழலாம். சி யூடிஎஃப்-8 லோகேல் கொடுத்துப் பாருங்கள். டைரக்டரிப் பெயர் நீண்டுபோனால், புரோகிராம்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயிலான சாக்கெட்டைச் சோதிக்கும் டெஸ்ட்கள் விழும், ஏனென்றால் லினக்ஸில் யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதைக்கு 108 பைட்தான் இடம். நெட்வொர்க் இல்லாத நிலையை வீட்டிலேயே உண்டாக்க அன்ஷேர் கட்டளை போதும். ஆனால் அதற்குள், இயந்திரம் தன்னோடு தானே பேசும் லூப்பேக்கும் அணைந்திருக்கும், அதைக் கையால் ஏற்ற வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக மேப் செய்து உள்ளே போனீர்களானால் ‘அனுமதி இல்லை’ என்று வர வேண்டிய டெஸ்ட்கள் புதிதாக விழும். ரூட்டை யார் தடுப்பது?

நேரம் சம்பந்தப்பட்ட ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், இது நம் ஊருக்கென்றே அமைந்த கோளாறு. பில் போடும் ஒரு புரோகிராம். டெஸ்ட் இன்றைய தேதியை உள்ளூர் நேரப்படி எடுக்கிறது, புரோகிராம் உலகப் பொது நேரமான யூடிசி-யில் எடுக்கிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை நமக்கு ஒரு தேதி, யூடிசி-க்கு முந்தைய தேதி. பில்ட் சர்வர் யூடிசி-யில் ஓடினால் அங்கே இது ஒருபோதும் விழாது. இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து கட்டுகிறவருக்கு மட்டும் விழும். காலையில் காபி குடித்துவிட்டு ஓட்டினால் தேறிவிடும். ‘ஏதோ ஃப்ளேக்கி’ (காரணமில்லாமல் சில நேரம் விழுவது) என்று அந்த டெஸ்டைத் தூக்குவார்கள். பொய் நேரம் காட்டும் ஃபேக்டைம் கருவி கொண்டு கடிகாரத்தை இரவு ஒரு மணிக்கு வைத்து, டைம்ஸோனை ஏசியா கொல்கத்தா ஆக்கி ஓட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் விழும். ஏப்ரல் 1 அதிகாலை ஒரு மணிக்குப் போட்ட பில் இந்த புரோகிராமில் மார்ச் 31 என்று பதிவாகும், அதாவது போன நிதியாண்டில். இங்கே டெஸ்ட் சொன்னதுதான் சரி.

நிஜமாகவே ஃப்ளேக்கியான டெஸ்டும் உண்டு. அதற்குக் கணக்கு தெரிய வேண்டும். இருபதுக்கு ஒரு தடவை விழும் டெஸ்டை இருபது தடவை ஓட்டினால், ஒருமுறைகூட விழாமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 95 சதவீத நிச்சயம் வேண்டுமென்றால் 59 தடவை ஓட்ட வேண்டும். சரிசெய்த பிறகும் அதே 59. இணையாக ஓட்டும்போது மட்டும் விழுந்தால் ஒரே நேரத்தில் ஓடும் எண்ணிக்கையை 1 ஆக்கிப் பாருங்கள். இரண்டு டெஸ்ட் ஒரே நெட்வொர்க் போர்ட்டைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம்.

இன்டெல் செயலியில் தேறி ஆர்ம் செயலியில் விழுவது வேறு ரகம். சி மொழியின் சார் (ஒரு எழுத்து) வகை, லினக்ஸில் எக்ஸ்86 என்ற இன்டெல் ரகத்தில் மைனஸ் குறி ஏற்பது, ஆர்மில் ஏற்காதது. மைனஸ் ஒன்றைச் சாரில் போட்டு, பூஜ்யத்துக்குக் கீழா என்று கேட்கும் கோடு ஆர்மில் பொய்யாகும். இது புரோகிராமின் தப்பு. தசமத்தில் கடைசி இலக்கம் மட்டும் மாறினால், ஜிசிசி கம்பைலர் 64-பிட் ஆர்மில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்திருக்கலாம். டெஸ்டில் சகிப்பு எல்லை வைத்தால் தீரும். ஐபிஎம் மெயின்ஃப்ரேமான எஸ்390எக்ஸில் மட்டும் விழுந்தால், எண்ணின் பைட்கள் நினைவகத்தில் அடுக்கப்படும் வரிசையைப் பாருங்கள். ‘அந்த மெயின்ஃப்ரேமை யார் பயன்படுத்துகிறார்கள்’ என்பது பதில் ஆகாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2006-இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரிப் பேக்கேஜில், நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி எச்சரித்தது என்பதற்காக இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதில் ஒரு வரிதான் ரேண்டம் எண்ணுக்கு வேண்டிய என்ட்ரோபியையே, அதாவது யூகிக்க முடியாத தன்மையையே, சேர்த்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும்: ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,768 சாவிகள்தான் சாத்தியம். வெளியே தெரிந்தது 2008 மே மாதத்தில். 2024-இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் 5.6.0-இல் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவர்கள் அதை ஒளித்த இடம், டெஸ்டுக்கென்று வைத்திருந்த கோப்புகளுக்குள். அப்போதும் வால்கிரைண்ட் பிழை காட்டியது. அந்தப் பிழையை மறைக்கும் வேலை 5.6.1-இல் நடந்தது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அம்பலப்படுத்தும் வரை, அது வெறும் டூல் இரைச்சலாகத்தான் பலருக்குத் தெரிந்தது.

எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில், டெஸ்டைத் தேர்ந்தெடுக்கும் ‘கே’ ஆப்ஷன் பெயரின் துண்டைத்தான் பார்க்கும். ‘டேட்’ வேண்டாம் என்று எழுதினால் ‘அப்டேட்’, ‘வேலிடேட்’ எல்லாம் சேர்ந்து போய்விடும், யாருக்கும் தெரியாது. டிசெலெக்ட் ஆப்ஷனில் முழு முகவரியோடு கொடுங்கள். சிடெஸ்டின் விலக்கும் ஆப்ஷனும் ரெஜெக்ஸ்தான், அதாவது துண்டு பொருந்தினாலே போதும் என்கிற பேட்டர்ன். முழுப் பெயர் மட்டும் பொருந்த முன்னும் பின்னும் நங்கூரம் (^, $) போடுங்கள். நிறுத்தும் முன்னும் பின்னும் எத்தனை டெஸ்ட் ஓடியது என்று எண்ணுங்கள்: 415 என்பது 414 ஆனால் சரி, 390 ஆனால் உங்கள் பேட்டர்ன் தப்பு. ஆர்மில் மட்டும் விழுந்தால் ஆர்முக்கு மட்டும் கண்டிஷன். நீங்கள் செய்த திருத்தமான பேட்சின் தலைப்பில் காரணத்தையும், மூல ஆசிரியர்களிடம் பதிந்த பக் இணைப்பையும் எழுதுங்கள்.

முடிந்தவரை ஸ்கிப்பைவிட, ‘இது விழும் என்று தெரியும்’ எனக் குறிக்கும் எக்ஸ்ஃபெயில் மேல். ஸ்கிப் செய்த டெஸ்ட் ஓடவே ஓடாது. எக்ஸ்ஃபெயில் ஓடி, விழுந்தால் பேசாமல் இருக்கும். பைடெஸ்டில் அதற்கு ஸ்ட்ரிக்ட் என்றும் சேர்த்துவிட்டால், அந்த டெஸ்ட் என்றைக்குத் தேறுகிறதோ அன்றைக்கு பில்ட் விழும். ஆட்டோமேக்கில் எதிர்பாராமல் தேறுவது இயல்பாகவே தோல்விக் கணக்கில்தான் சேரும். ஸ்கிப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. மூலத்திலிருந்து புதிய வெளியீடு வரும்போதெல்லாம் பட்டியலைக் காலியாக்கி ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி விழுந்தவற்றை மட்டும் உள்ளே சேர்க்க வேண்டும்.