வேரடியில் ஒரு வரவு செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

மக்காச்சோளத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடலாம் என்று பலரும் கேட்கிறார்கள். மண் எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வேர் ஓடும் ஆழத்தை ஒரு கணக்குப் புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். மழையும் பாசனமும் வரவு. இலை வழியாகவும் தரை வழியாகவும் ஆவியாவது, மேலே வழிந்தோடுவது, வேருக்குக் கீழே இறங்கிவிடுவது எல்லாம் செலவு. மண் நீர்ச் சமநிலை மாதிரி என்பது இந்தக் கணக்கை நாள்தோறும் எழுதிவருவதுதான்.

ஆவியாகும் நீரைக் கணக்கிட, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் கையேடு இன்றும் கைகொடுக்கிறது. வெயில், காற்று, வெப்பம், ஈரப்பதம் இவற்றை வைத்து ஒரு புல்தரை எவ்வளவு நீர் இழக்கும் என்று முதலில் பார்க்கிறோம். அப்புறம் அதைப் பயிர்க் குணகத்தால், அதாவது புல்தரையைப் போல் எத்தனை மடங்கு நீரைப் பயிர் இழக்கும் என்று காட்டும் எண்ணால், பெருக்குகிறோம். மக்காச்சோளம் முளைத்த புதிதில் குணகம் சுமார் 0.3, ஆண் பூ விரிந்து கதிரில் பட்டு இழை நீளும்போது 1.2. இந்தப் பூக்கும் நாட்களில் பயிர் காய்ந்தால் மணி பிடிக்காது. பிறகு எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் அந்த இழப்பு திரும்பாது.

சரி, புல்தரை 6 மில்லிமீட்டர் இழக்கும் நாளில் பூத்த பயிருக்கு 7.2 மில்லிமீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் மணற்பாங்கான மண் பயிருக்குத் தரக்கூடியது 80 மில்லிமீட்டர் என்றால், வண்டல் கலந்த மண் 160 தரும். அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டால், மணலில் ஐந்தரை நாள் தாங்கும்; வண்டலில் பதினோரு நாள். வெயிலும் விதையும் ஒன்றாக இருந்தும் இப்படி!

மழையும் அப்படித்தான். 60 மில்லிமீட்டர் கொட்டினால், இருப்பில் 70 மில்லிமீட்டர் குறைந்திருந்த வண்டல் மண் வழிந்தோடியது போக மீதியை அப்படியே வாங்கிக்கொள்ளும். 40 மட்டுமே குறைந்திருந்த மணலில் மிச்சம் கீழே போய்விடும், போகும்போது தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு. அதனால்தான் ஒரு வட்டாரம் முழுவதற்கும் சராசரி மழையும் சராசரி மண்ணும் போட்டு வரும் தண்ணீர்த் தேவையை நான் நம்புவதில்லை. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் மண்ணையும் பல ஆண்டு வானிலையையும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வறண்ட ஆண்டின் தேவை தனியாகத் தெரிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஹெக்டேருக்கு 10,000 லிட்டர்; சின்னப் பிழைக்கும் கிணறுதான் விலை கொடுக்கிறது.

கணக்கு பிசகவும் செய்யும். நாளுக்கு அரை மில்லிமீட்டர் தவறினால் முப்பது நாளில் 15 ஆகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை வேரடியில் ஓர் அடி தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடித்து விரலில் ஈரம் ஒட்டினால் இருப்பு இருக்கிறது. பிடிக்காமல் உதிர்ந்தால், ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் திருத்திவிட்டு மோட்டாரைப் போடுங்கள்.